பூஜையில் இருந்த ஸ்பேனர்

இப்போது இந்த வேலைக்கு ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் என்று அழகான பெயர். தொண்ணூறுகளில் தொம்மலூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது வெறும் மெயின்டனன்ஸ்தான். ஜெனரேட்டர், பம்பு, லிஃப்ட், ஆக்சிஜன் லைன் எல்லாம் எங்கள் தலையில். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஓர் ஆயுத பூஜை நாளின் கதை.

முனியப்பா எங்கள் ஜெனரேட்டர் மெக்கானிக். என்னைவிட மூத்தவர். முந்தின நாளே மெஷினைக் கழுவித் துடைத்து, டீசல் ஃபில்டரையும் மாற்றியிருந்தார். காலையில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஜெனரேட்டர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஸ்பேனர்கள் அத்தனையும் சாமி படத்துக்கு முன்னால். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் எடுக்க மாட்டார்கள். பொரி கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி, இருமி, நின்றது. மறுபடியும் அப்படியே. ஃபில்டர் மாற்றும்போது டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டது. ஒரு தரம் ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். துடைத்த மெஷினில் புகை படியுமே என்று ஓட்டவில்லை! காற்றை வெளியேற்ற ஒரே ஒரு ஸ்பேனர் போதும்.

மாடியிலிருந்து இன்சார்ஜ் சிஸ்டர் ஓடிவந்தார். குறைமாதக் குழந்தை ஒன்று அங்கே வென்டிலேட்டரில் இருந்தது.

"என்னய்யா பண்றீங்க கீழ? பேட்டரி போயிடுச்சு. கையால பை அமுக்கி மூச்சு குடுத்துட்டு இருக்கோம். வார்மரும் ஆஃப். குழந்தை சில்லுனு ஆகுது!"

நான் சாமி படத்தை நோக்கிப் போனேன். முனியப்பா குறுக்கே வந்தார்.

"பேடா சார், வேண்டாம்! பூஜை கலைக்கக் கூடாது. வெளிய போய் ஒரு ஸ்பேனர் வாங்கியாரேன்."

"இன்னிக்கு எவன்யா குடுப்பான்? ஊர்ல இருக்குற ஸ்பேனர் எல்லாம் பூஜையிலதான்யா இருக்கு!" என்று கத்தினேன்.

நானோ ஆஸ்டின் டவுன் சர்ச்சுக்காரன். அவர் பூஜையில் நான் கை வைத்தால் அந்த மனுஷன் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? ஆனால் மேலே ஓர் உயிர். குரலை இறக்கினேன்.

"முனியப்பா, நீங்க எடுங்க. இல்லேன்னா நான் எடுத்துடுவேன். அந்தக் குழந்தை நாளைக்கு வரைக்கும் தாங்காது."

என்னைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். "தப்பாச்சு சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஃபில்டர் அருகே உட்கார்ந்தார். ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்கினார். இந்தத் தடவை ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. மாலை குலுங்கிப் பூவெல்லாம் உதிர்ந்தது.

"வந்துடுச்சு!" என்று மாடியிலிருந்து சிஸ்டரின் குரல். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முனியப்பா என் பக்கம் திரும்பாமலே ஸ்பேனரைத் துடைத்து, மறுபடியும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

மறுநாளிலிருந்து ஒரு ரூல் போட்டேன். ஜெனரேட்டரில் எதைத் தொட்டாலும், ஆஸ்பத்திரியின் கரண்ட் லோடு ஏற்றி ஓட்டிக் காட்டாமல் வேலை முடிந்ததாகச் சொல்லக் கூடாது. இன்னொரு ரூலைப் போட்டவர் முனியப்பா. அடுத்த ஆயுத பூஜையன்று, குங்குமம் படாத ஒரு ஸ்பேனர் செட் ஜெனரேட்டர் பக்கத்தில் தனியாக இருந்தது.

"இதுக்குப் பூஜை இல்லையா?" என்றேன்.

"அது டூட்டில இருக்கு சார். அதுக்கு நாளைக்கு."

அன்றைக்கு அந்தக் குழந்தையோடு அதன் அம்மா ஸ்வீட் கொடுக்க வந்திருந்தாள். சிஸ்டர்தான் கீழே கூட்டிவந்தார். முனியப்பா பம்புக்கும் பேனலுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார்.

"இதுவும் நம்ம மெயின்டனன்ஸ்தான் சார்" என்றார்.