மருமகள் ஓடிப்போன சனிக்கிழமை

போன வருடம் புரட்டாசி மாதம், திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. இப்போது நினைத்தாலும் தனியாகச் சிரித்துக்கொள்வேன். எதிர் ஃப்ளாட்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது அதனால்தான்.

என் மகன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு சீனப் பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். சம்பந்தியம்மாவுக்குச் சீனமும் மலாயும்தான் தெரியும். எனக்குத் தமிழும், பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு இங்கிலீஷும். கல்யாணத்தில் நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகன் பழக்கிவிட்டதில் அவளுக்குத் தமிழ் நன்றாகவே வரும். வந்தது சரியாகப் புரட்டாசியில். வீட்டில் முட்டைகூடக் கிடையாது. சம்பந்தியம்மாவுக்கு இவள் ஒரே பெண். காரம் ஒத்துக்கொள்ளுமோ, பிள்ளை பட்டினி கிடக்குமோ என்று ஒரே கவலை. பிடிக்கவில்லை என்றால் உடனே கிளம்பி வந்துவிடு என்று பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தாராம். மகன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் சோற்றுக்கா பஞ்சம்?

இரண்டாம் நாளே மகன் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போய்விட்டான். அவன் இல்லாதபோதுதான் சம்பந்தியம்மா என் போனுக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். என்னுடையது அரதப் பழசான போன். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே என்று நானும் கெட்டிக்காரத்தனமாக, 'உங்கள் பெண் தங்கம்' என்று அடித்து, அது கொடுத்த கட்டங்களை அப்படியே ஒட்டி அனுப்பினேன். அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ! அந்தம்மா என் மகனைக் கூப்பிட்டு, எவ்வளவு தங்கம் கேட்கிறார்கள் என்று விசாரித்தாராம். போதுமடா சாமி! இனி எழுத்தைக் கண்ணால் பார்த்து, என் கையாலேயே அடித்துத்தான் அனுப்புவேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, டப்பா டப்பாவா கீது?"

"சம்பந்தி மெசேஜுப்பா. சீன எழுத்து."

அவர் போனைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். "சைனாவுல செஞ்ச போனுக்கா இது. அதுக்கே சைனா எழுத்து தெரியலன்னா நான் இன்னா பண்றது!" என்று கடையே அதிரும்படி சிரித்தார்.

சிரித்தாலும் மனிதர் கெட்டிக்காரர். போனை அப்டேட் செய்து, எழுத்துரு ஏற்றி, ஒரு மணி நேரம் மெனக்கெட்டார். கட்டங்கள் எல்லாம் நிஜ எழுத்துகளாக மாறியதும் எனக்குக் கையைத் தட்டலாம் போலிருந்தது. பிறகு கீபோர்டில் சீனத்தைச் சேர்த்துக் கொடுத்தார்.

"நீ தமிழ எப்டிக்கா அடிப்ப?"

"இங்கிலீஷ்ல அம்மான்னு அடிச்சா தமிழ்ல வரும்."

"அதே கதைதான்க்கா. சைனா சவுண்ட இங்கிலீஷ்ல அடி. மேல வரிசையா எழுத்து வந்து நிக்கும். எது ஓணுமோ அத்த தொடு."

இவ்வளவுதானா! இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே என்று நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. காலையிலேயே மகனுக்குப் போன் போட்டு, வயிறு நிறைந்தது என்பதற்குச் சீனத்தில் என்ன என்று கேட்டேன். "பாவ் ல" என்றான். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா கேட்டு அனுப்பும் மெசேஜில் முதல் இரண்டு எழுத்தும் 'மகள்' என்பதையும் சொன்னான்.

மத்தியானம் படையல் முடிந்து இலை போட்டேன். மருமகள் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் ஒரு கை பார்த்தாள். வடை மட்டும் ஐந்து. "போதும் அத்தை" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தவள்தான், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாவின் மெசேஜ் வந்தது. மகள் நன்றாக இருக்கிறாளா என்றுதான் கேட்டிருப்பார்.

'மகள்' என்பதை அவர் மெசேஜிலிருந்தே எடுத்து ஒட்டினேன். பிறகு 'பாவ்' என்று அடித்தேன். பால், பாட்டு எல்லாம் நாம் எந்த இங்கிலீஷ் எழுத்தில் ஆரம்பிப்போமோ, அதே எழுத்தில்தான். வரிசையில் முதலில் நின்றதைத் தொட்டேன். கடைசியில் 'ல'. 女儿跑了. என்ன அழகு! அனுப்பிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வீடியோ கால். சம்பந்தியம்மா ஓவென்று அழுகிறார். பின்னால் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்க்கின்றன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நல்லா சாப்பிட்டாம்மா, நல்லா சாப்பிட்டா!" என்று கத்தினேன். புரியவில்லை. வயிறு நிறைந்தது என்று காட்ட, என் வயிற்றுக்கு முன்னால் கையைப் பெரிதாக வளைத்துத் தடவிக் காட்டினேன். அவ்வளவுதான், அந்தம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அலறிவிட்டார். பெண் பிள்ளைத்தாய்ச்சியாக வேறு போயிருக்கிறாள் என்று நினைத்தாராம்!

வேறு வழி தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். கட்டிலில் மருமகள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கை வயிற்றின்மேல், கன்னத்தில் பொங்கல் நெய். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

சத்தம் கேட்டு எழுந்த மருமகள், அம்மாவிடம் பேசிவிட்டு என் மெசேஜைப் படித்தாள். கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"அத்தை, மகள் ஓடிப் போயிட்டான்னு எழுதிட்டீங்க!"

நமக்குப் பால் என்றாலும் பஸ் என்றாலும் ஒரே 'ப'தான். அவர்களுக்கு அது இரண்டு. பஸ்ஸில் வரும் 'ப' போட்டால் வயிறு நிறைந்தது, 饱. பாலில் வரும் 'ப' போட்டால் ஓடிவிட்டது, 跑. இரண்டுக்கும் வலது பக்கம் ஒன்றேதான். இடது பக்கத்தில் ஒன்றுக்குச் சாப்பாடு, இன்னொன்றுக்குக் கால். நான் காலைப் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

விஷயம் புரிந்ததும் சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ கேட்டார். அதை நானே அடித்தேனா என்று கேட்கிறார் என மருமகள் சொன்னாள். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். அவர் மறுபடியும் அழுதார். இந்த முறை எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அம்மாவுக்கு இனி பயம் இல்லையாம், அத்தை. என்னை இங்கயே வச்சுக்கச் சொல்றாங்க" என்றாள் மருமகள்.

இப்போதும் தினமும் மத்தியானம் அந்தம்மாவிடமிருந்து 饱 என்று அந்த ஒரே ஓர் எழுத்து வருகிறது, வயிறு நிறைந்ததா என்று. இடது பக்கத்தை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு நானும் பதில் போடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது எந்தத் தேதியில் வேண்டுமானாலும் இருக்கட்டும், என்னைக் கேட்டால் நாங்கள் இருவரும் சம்பந்திகள் ஆனது அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான்.