‘சூன்’ என்றால் எப்போது?

அகராதி அச்சிடும் அலுவலகத்தில் அவள் இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். எங்கே ஒற்றுப்பிழை இருந்தாலும் அவளுக்கு மூக்கு வியர்த்துவிடும் என்று கேலி செய்வார்கள். உறவென்று இருப்பது ஒரே ஒரு தம்பி. கப்பலில் எஞ்சின் பார்க்கிறான். போய் ஒன்பது வருடம். அம்மா இறந்தபோதும் வரவில்லை. அவன் அனுப்பும் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே வரி, கடைசியில் ‘சூன்’ (soon). சீக்கிரம் வருகிறானாம். அதை நம்பி அவன் அறையில் வாரம் தவறாமல் தலையணை உறை மாற்றிவந்தாள்.

ஒரு மதியம் அதே வார்த்தை மெய்ப்பில் வந்தது. “விரைவில், சிறிது நேரத்தில். பழைய ஆங்கிலத்தில்: உடனே” என்றிருந்தது. பிழையோ என்று பதிப்பாசிரியரிடம் கொண்டுபோனாள்.

“சார், உடனேங்கறது எப்படி அப்புறம்னு ஆச்சு?”

“சரிதாம்மா. உடனே வரேன்னு சொல்லிட்டு ஆளாளுக்கு லேட்டா வந்தாங்க. வார்த்தையும் தளர்ந்துபோச்சு. நாம ‘இதோ வந்துட்டேன்’னு சொல்லிட்டுக் குளிக்கப் போறதில்லையா?”

சிரித்துவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்தாள். தம்பிக்கு விவரத்தை எழுதி, கடைசியில் கேட்டாள்: “நீ சொல்ற சூன் பழசாடா, புதுசா?”

நாலாம் நாள் அவனே கூப்பிட்டான்.

“அம்மா இல்லாத வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன், அக்கா?”

“நீ வர வேணாம். கப்பல் எங்க நிக்குதுன்னு சொல்லு, நான் வரேன்.”

பதினான்கு மணி நேர ரயில் பயணத்தில் ஒரு துறைமுகம். வாசல் கேண்டீனில் அவனுக்கு ஒன்றரை மணி நேர அனுமதி. அவள் வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னத் தாண்டி யாரக்கா தேடுற?” என்றது எதிரே நின்ற நரைத்த தலை.

அம்மாவின் கடைசி வாரத்தைக் கேட்டான். ஒன்று விடாமல் சொன்னாள்: அரைக் கரண்டிக் கஞ்சி, திறந்தே வைக்கச் சொன்ன கதவு. அவன் டீ ஆறிப்போகும்வரை அழுதான். நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய அந்தக் கையை அவள் விடவில்லை. நேரம் முடிந்ததும் அவன்தான் மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனான்.

கப்பல் நகரும்வரை வேலியோரம் நின்றாள். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாதும்மா என்றார் காவலாளி. தலையாட்டிவிட்டு, கை அசைத்துக்கொண்டே இருந்தாள்.