புளி காணாது

சிவானந்தன் அந்த உணவகத்துக்குள் முன்கதவால் போனது அன்றுதான் முதல் தடவை. இருபத்துநாலு வருடமும் பின்வாசல்தான். பிரான்ஸின் அல்சாஸ் பகுதிச் சாப்பாட்டை ஒஸ்லோவில் நூறு வருடமாக விற்கிற இடம். பாத்திரம் கழுவச் சேர்ந்தவர், உப்பிட்டுப் புளிக்கவைக்கும் முட்டைக்கோவாப் பீப்பாய்களுக்குப் பொறுப்பாளர் ஆனார். எந்தப் பீப்பாயை எப்போது திறப்பது என்று அவருடைய நாக்குத்தான் சொல்லும்.

மார்ச்சில் வந்த ஒரு காய்ச்சலோடு அந்த நாக்குச் செத்துப்போனது. மணமும் இல்லை, ருசியும் இல்லை. மூன்று மாத விடுப்பில், நகரின் ஓரத்தில் பியோர்ண்டாலில் உள்ள தன் வீட்டில் இருந்து பார்த்தார், ருசி திரும்பவில்லை. மனைவி தவமலருக்கு மட்டும் தெரியும். திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். அதற்கு முன் மனைவியோடு விருந்தாளியாக வந்து சாப்பிடும்படி தலைமைச் சமையல்காரர் ஈவார் கூப்பிட்டிருந்தார். பார்த்தால் வெள்ளிக்கிழமை. தவமலர் வெள்ளியில் மச்ச மாமிசம் தொடுவதில்லை.

"எனக்கு ரெண்டு துண்டு பாணும் தண்ணியும் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

ஈவார் தானே தட்டைக் கொண்டுவந்தார். பன்றிக் கொழுப்பில் வெந்த கோவா, மேலே இறைச்சி.

"புதுப் பீப்பாய். மூன்று மேசையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. என்ன பிழையென்று நீர்தான் சொல்ல வேண்டும்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிவானந்தன் ஒரு வாய் வைத்தார். ஈரக் கடதாசி.

"இஞ்சை பாரும், ஒருக்கா வாயிலை வைச்சுச் சொல்லும்."

"விசரே உங்களுக்கு? வெள்ளிக்கிழமை!"

"இல்லாட்டித் திங்கக்கிழமை எனக்கு வேலை இல்லையப்பா."

தவமலர் சுற்றிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் விழுங்கினாள்.

"புளி காணாது" என்றாள், நிச்சயமாக. "எங்கடை ரசத்திலை பாதிகூட இல்லை."

ஈவார் திரும்பி வந்ததும், "இன்னும் ஒரு கிழமை விட்டிருக்க வேண்டும். புளிக்கவில்லை" என்றார் சிவானந்தன்.

ஈவார் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"புளிப்பு அதிகமென்றுதான் மூன்று பேரும் திருப்பினார்கள். எப்போதிலிருந்து இப்படி?"

"மார்ச்சிலிருந்து."

"பீப்பாய்க்கு வேறு ஆள் பார்க்கிறேன். பாத்திரம் கழுவ இடமிருக்கிறது, வாரும்." அன்பாகத்தான் சொன்னார். எழும்பும்போது தோளிலும் தட்டினார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன், என்ன?" என்றாள் தவமலர்.

"இல்லை. உமக்குப் பட்டதைத்தானே சொன்னீர்."

தவமலர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"விரதம் போயிட்டுது. இனி ஏன் சாப்பாட்டை எறிவான்?"

அவள் சாப்பிட்டாள். சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் பாத்திரம் கழுவும் இயந்திரம் இரைவது கேட்டது.