ரேணுகா மேடம் வராத அறிமுக நாள்

கணினித் துறையின் அறிமுக நாளன்று காலை ஆபீஸ் கிளார்க் மூச்சிரைக்க ஓடி வந்து, ஓசூரிலிருந்து போன் என்றார். விடியற்காலை நெஞ்சுவலி வந்ததாம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மேடம் போய்விட்டாராம். "எந்த மேடம்?" என்று கேட்டேன். எங்கள் துறையில் இருந்ததே ஒரு மேடம்தான், ரேணுகா மேடம். முந்தின நாள் சாயங்காலம்தான் அவர், மூன்றாவது கம்ப்யூட்டரின் பிளக் லூசாக இருக்கிறது, பெற்றோர் முன்னால் மானத்தை வாங்கிவிடும், பார்த்து வை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் போய் அந்த பிளக்கை அழுத்திச் சரிசெய்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், மேடத்தை அறிந்த உங்களுக்கு அவர் பேச்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துறை தொடங்கிய வருடம், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் பெற்றவர்களையும் ஹாலில் உட்கார வைத்து, நாலு வார்த்தை பெருமையாகச் சொல்லுங்கள் என்று பிரின்சிபால் மைக்கைக் கொடுத்தார். மேடம் எடுத்த எடுப்பில், "எங்ககிட்ட இல்லாதத முதல்ல சொல்லிடறேன். இருக்கறத நீங்களே பாத்துக்குவீங்க" என்றார். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். கரண்ட் போனால் செய்த வேலையும் போகும். படித்தவுடன் வேலை என்று நாங்கள் எழுதித் தர முடியாது. வாத்தியார்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கப் பழகியதும் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது, அவருக்குக் கீழே வாத்தியாராக இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார், ஹாலே சிரித்தது. பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருடம் எங்கள் சீட்டுகள் நிரம்பவும் இல்லை. ஆனால் சேர்ந்தவர்களில் ஒருவர்கூடப் பாதியில் நிற்கவில்லை.

ஏசி போட்ட லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் தகப்பன்மார் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பாரூர்க்காரர் ஒருவர், கரும்புத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், கை அழுக்கு என்று உள்ளே வர மறுத்தார். மேடம் விடவில்லை. தெலுங்கில் ஏதோ கிண்டல் செய்து, கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்து, மகன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அவரையே தட்டச் சொன்னார். திரையில் பெயர் வந்ததும் அவர் எழுந்துகொள்ளவே இல்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். இருக்கட்டும் விடு, என்றார் மேடம் என்னிடம்.

இந்த வருடம் சேர்க்கை விஷயமாகக் கெலமங்கலத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சந்தையில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த முனியப்பாவின் மகள் மஞ்சுளா, கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். கதவை மூடிய குளிர் அறையில் பையன்களோடு பெண்பிள்ளை உட்காருவதாவது என்று சொந்தக்காரர்கள் அவர் மனதைக் கலைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்கள். "நானும் அந்த ரூம்லதான் உக்காந்துட்டிருக்கேன். சளி புடிச்சது, வேற ஒண்ணும் ஆகல" என்றார் மேடம். பிறகு கன்னடத்தில் வெகுநேரம் பேசினார். கடைசியில் தமிழில், "நான் இருக்கேன். அனுப்பி வைங்க" என்றார். அறிமுக நாளன்று வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார் முனியப்பா.

திரும்பும் பஸ்ஸில்தான், பெங்களூர் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருப்பதைச் சொன்னேன். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இரு என்று அவர் சொல்லவில்லை. "போறதுன்னா வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே போயிடுப்பா. புள்ளைங்கள நடுவுல விட்டுட்டுப் போகாத" என்றார். ஆக நான் போவதாகத்தான் முடிவு செய்திருந்தேன்.

அந்தக் காலையில் நிகழ்ச்சியை நிறுத்திவிடலாமா என்று பிரின்சிபாலைக் கேட்டேன். பர்கூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நீயே பேசிவிடு என்றார். எனக்கு மேடத்தின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மேடையில் பேசியே பழக்கமில்லாதவனை இப்படியா மாட்டிவிட்டுப் போவது? மைக்கைப் பிடித்து, இல்லாதவற்றைச் சொல்லத் தொடங்கினேன். கம்ப்யூட்டர் போதாது, கரண்ட் நிற்காது, வேலைக்கு உறுதி இல்லை என்று வந்தவன், வாத்தியார்கள் பெங்களூருக்கு பஸ் ஏறுவதைச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன்.

நடு வரிசையில் முனியப்பா எழுந்தார். பக்கத்தில் மஞ்சுளா புது தாவணியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மேடம் எங்க சார், காணமே? அவங்க இருக்கேன்னு சொன்னாங்கன்னுதான் வந்தோம்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. யாரோ ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். முனியப்பா மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை, அவர் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். அவர் உட்காரவில்லை.

"அப்ப நீங்க இருப்பீங்களா சார்?"

"இருப்பேன்" என்றேன்.

பெங்களூர்க்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மேடம் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தவள் மஞ்சுளா. திங்கட்கிழமை அவளுக்கு வகுப்பு தொடங்குகிறது.