ஆளில்லா வீடு

மங்கம்மாள் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தது மழை பொய்த்த எழுபத்தைந்தாம் வருஷம். சாமை கைவிட்டதும் புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணமங்கலத்துக்கு வந்தவள், புருஷன் மாதையனோடு ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டாள். அவளைப் பார்த்து இன்னும் பன்னிரண்டு மலைக் குடும்பங்கள் வந்தன. மேல் வரிசை அவர்களுடையது. கீழ் வரிசையில் வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பங்கள். இரண்டு வரிசைக்கும் பயம் மட்டும் ஒன்றுதான், என்றைக்குக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று.

அந்தக் குடிசை இரண்டு முறை மழைத் தண்ணீரில் கரைந்தது. இரண்டு முறையும் மண் சுமந்து சுவர் எழுப்பியவள் அவள்தான். மாதையன் நல்லவன், ஆனால் ஆபீசு என்றால் வாசலோடு நின்றுவிடுவான். கீழ் வரிசை ஞானமேரி பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றவள் மங்கம்மாள். பட்டா கேட்டுத் திங்கள்தோறும் மனு கொடுத்தார்கள். மனுவை வாங்கி வைக்கிறவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும், இவளுக்கு அலுக்கவில்லை.

எண்பத்துநாலில் ஒருவழியாகச் செய்தி வந்தது. அடுத்த திங்கட்கிழமை கணக்கெடுக்க வருவார்கள், குடியிருக்கிறவர்கள் பேருக்கு மட்டும் பட்டா. அதே வாரம் யாரோ நாலு பேர் வந்து ஏரிக்கரையைச் சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று கேட்டால் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்கள். அது ஞானமேரிக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மலையில் ஊர்ச்சாமிக்குப் பொங்கல். மகளின் பிரசவத்துக்கு வேலூர் கிளம்பிய ஞானமேரி சொல்லிவிட்டுப் போனாள். "வூட்டுக்கு ஒரு ஆளு இருக்கட்டும் மங்கம்மா. இவனுங்க சொன்ன நாள்ல வர்றவனுங்க இல்ல."

"ஞாயித்துக்கெழம பொழுதோட வந்துடுவோம்க்கா. வாசல்ல முள்ளு வெச்சுட்டுத்தானே போறோம்? இன்னாத்துக்கு பயம்?"

அவர்கள் மலையில் பூட்டு கிடையாது. வெளியூர் போகிறவர்கள் வாசலில் குறுக்கே ஒரு முள்கிளையைப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த வீட்டுக்கு ஆள் உண்டு, தாண்டாதே என்று அதற்கு அர்த்தம். பகையாளிகூடத் தாண்டமாட்டான். மலைக்குக் கீழே, ஆள் விட்டுப்போன இடத்தில் ஆடுமாடு நுழையாமலிருக்கத்தான் முள் போடுவார்கள். ஒன்பது வருஷம் இங்கே இருந்தும் இது அவளுக்கு உறைக்கவில்லை, பாவி மகள்.

கணக்கெடுக்கிறவர்கள் சனிக்கிழமையே வந்துவிட்டார்கள்.

ஞாயிறு சாயங்காலம் திரும்பியபோது கீழ் வரிசைக் கதவுகளில் தாரால் நம்பர் எழுதியிருந்தது. மேல் வரிசையில் பதின்மூன்று கதவிலும் ஒரே மாதிரி பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாத மங்கம்மாள், நமக்கும் எழுதிவிட்டார்கள் என்று பூரித்துப்போனாள். குறியைச் சுற்றி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மற்ற பெண்களும் வைத்தார்கள்.

மறுநாள் வேலூரிலிருந்து வந்த ஞானமேரி அந்தக் குங்குமத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அது நம்பர் இல்லடீ. ஆளு இல்லன்னு போட்டுட்டுப் போயிருக்கானுங்க."

இருவரும் ஆபீசுக்கு ஓடினார்கள். குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினார். "முள்ளு போட்டு அடைச்சிருந்துச்சே."

"நாங்க இருக்கோம்னுதாங்க சாமி அந்த முள்ளே!"

அவர் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது. லிஸ்ட் மேலே போய்விட்டது என்றார்.

அதன் பிறகு ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாதையனும் மேல் வரிசைக்காரர்களும் கூலிக்குப் போயிருந்த நேரம், லாரி ஏரிக்கரையில் திரும்பியது. கீழ் வரிசையில் ஒரு குடிசையையும் தொடவில்லை. வந்த ஆட்கள் நேராக மேல் வரிசைக்கு ஏறினார்கள். கீழ் வரிசையில் நம்பர் உள்ள ஞானமேரியும் பக்கத்து வீட்டு லாசர் பெண்டாட்டியும் ஓடிவந்து குறுக்கே விழுந்தார்கள், போலீசு இழுத்து ஓரமாக உட்காரவைத்தது. ஆளில்லா வீடு என்று எழுதியிருந்ததால் உள்ளே எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூரையில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள்.

ஓலை சரிந்து வெயில் உள்ளே விழுந்தபோது, மங்கம்மாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் ஓலைத் தூசு.

பேரேட்டோடு வந்திருந்த அதிகாரி திடுக்கிட்டார். "யாரும்மா நீ? எப்ப வந்த?"

"ஒம்போது வருசம் ஆச்சுங்க."

அவர் பேரேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவைத் திறக்கவில்லை. ஆட்கள் அதற்குள் அடுத்த குடிசையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.