மணியத்தின் ஊசி

முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான்.

கிணற்றடிச் சீமெந்துத் தரையில் மணியம் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்புகள் வட்டம் கட்டி மொய்த்திருந்தன. தண்ணீர் அள்ள வந்த தயாளினி வாளியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அந்த வட்டத்தை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். பல வருடங்களுக்கு முன், அதே வளவில், கணவன் குணரத்தினத்துக்கு நீரிழிவு என்று டொக்டர் சொல்வதற்கு முன்னரே எறும்புகள் சொல்லிவிட்டன.

குணரத்தினம் கண்ணை மூடி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. மணியம் அவர் வளர்த்த செம்மஞ்சள் கடுவன் பூனை. குட்டியாய் இருந்தபோதே காலையும் மாலையும் வளவு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து படியில் ஏறி உட்காரும். "உவர்தான் எங்கடை வளவுக்கு மணியகாரர்" என்று குணரத்தினம் சிரிப்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிள்ளை இல்லாத அந்தச் சண்டிலிப்பாய் வீட்டில் அவர் மடியில் உரிமையோடு ஏறியது மணியம் ஒன்றுதான். இப்போது அதுவும் எலும்பும் தோலுமாய், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது.

கால்நடை வைத்தியரிடம் கூடையில் கொண்டு போனாள். காத்திருப்போர் இருக்கும் நீள வாங்கில் ஆட்டோடு இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பூனைக்கு என்ன வருத்தம் தங்கச்சி?"

"சீனி வருத்தம் போலை கிடக்கு அண்ணை."

"பூனைக்குச் சீனி வருத்தமோ! பிறகென்ன, பென்சனும் எடுத்துக் குடுத்தால் முழு மனிசன்தான்."

வாங்கு முழுவதும் சிரித்தது. தயாளினி சிரிக்கவில்லை.

வைத்தியர் பிரதீபா இளம் பெண். இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "ஓம் அம்மா, நீரிழிவுதான். காலையும் பின்னேரமும் இன்சுலின் போடவேணும்."

"சாகுமட்டுமோ டொக்டர்?"

"அப்பிடியில்லை. மனிசருக்கு லேசிலை கிடைக்காத ஒரு பாக்கியம் பூனையளுக்கு இருக்கு. முதல் மாதங்களிலை சீனியை இறுக்கிப் பிடிச்சமெண்டால், ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைச்சு ஒருநாள் நிப்பாட்டலாம். உடம்பு தானாய்ச் சமாளிக்கும். ஆனால் சோறு, பாண், பிஸ்கற் ஒண்டும் ஆகாது. தனிய மீனும் இறைச்சியும்தான். இன்னுமொண்டு, சாப்பாட்டிலை ஒரு சின்ன மாற்றமெண்டாலும் எனக்குச் சொல்லாமல் ஊசி போடக்கூடாது."

ஊசியை நிறுத்தலாம்! அந்த ஒரு சொல் தயாளினியின் காதில் கோயில் மணியாய் விழுந்தது. குணரத்தினத்துக்கு அவள் எத்தனை வருடம் ஊசி போட்டாள்! ஒருநாளாவது அது நின்றதா? அவர் போன வழியை அவளால் மறிக்க முடியவில்லை. இந்த வாயில்லாச் சீவனையாவது ஊசியிலிருந்து மீட்டுவிட வேண்டும். மீட்டுவிட்டால், எங்கோ இருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்பினாள்.

அலுமாரியில் கிடந்த அவருடைய சீனி பார்க்கும் மெசினை வெளியே எடுத்தாள். அவர் விரலில் குத்திய அதே மெசினால் மணியத்தின் காதோரத்தில் குத்தி ஒரு துளி எடுத்தாள். மணியம் ஒரு முறை முனகிவிட்டு அவள் மடியிலேயே தலையை வைத்துக்கொண்டது.

கணவனின் தங்கை பிரியந்தினி பக்கத்து வளவுக்காரி. இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழையுமளவு இடைவெளியாய் ஒரு பொட்டு இருந்தது. கேற்றால் வரும் பழக்கமே அவளுக்கில்லை. பொட்டுக்குள்ளால் தலையை நுழைத்தபடியே கதைத்துக்கொண்டு வருவாள்.

"மச்சாள், வெள்ளிக்கிழமையிலை மீன் மணக்குது! அண்ணை இருக்கேக்கை இந்த வீட்டிலை வெள்ளியிலை மீன்சட்டி அடுப்பேறினதோ?"

"எனக்கில்லை மச்சாள். மணியத்துக்கு. பின்பக்கத்திலை வேறை அடுப்பு."

"கந்தசாமியார் உங்களை மன்னிப்பார். மணியகாரர்தானே கேக்கிறார்!"

பண்டத்தரிப்புச் சந்தியில் உள்ள கூட்டுறவுச் சங்கக் கடையில் தயாளினிக்கு வேலை. பகலெல்லாம் ஊருக்கு அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுப்பாள். பின்னேரம் சூடை மீனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். மணியத்தின் உடம்பில் மெல்ல மெல்லச் சதை பிடித்தது. தண்ணீர்ச் சட்டியைத் தேடி ஓடுவது குறைந்தது. பிரதீபா ஊசியின் அளவைப் பாதியாக்கினாள்; பிறகு அதிலும் பாதியாக்கினாள்.

"இப்பிடியே போனால் அடுத்த மாதம் நிப்பாட்டிப் பாப்பம் அம்மா" என்றாள். அன்று தயாளினி பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் குணரத்தினம் போய் ஒரு வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் வந்தது. வந்தவர்களின் காலுக்குள் மிதிபடாமல் மணியத்தை அறையில் பூட்டிவிட்டு, படைத்த சோற்றை வாழையிலையில் எடுத்துப்போய் மதிலில் வைத்தாள். "கா... கா..." என்று கூப்பிட்டாள். ஒரு காகம் வந்து தயிர்ச் சோற்றைக் கொத்தியது. தயாளினி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

தயிர்ச்சோறு! அவர் கடைசியாகக் கேட்டது அதைத்தானே. குரக்கன் பிட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இஞ்சரும் தயா, ஒரு பிடி சோறு, நெய்யும் தயிரும் விட்டுத் தாருமன்" என்று குழந்தைபோலக் கேட்டார். "சீனி ஏறிக் கிடக்கு. நாளைக்குத் தாறன், இப்ப உதைச் சாப்பிடுங்கோ" என்றாள் அவள். அவருக்கு அந்த நாளை விடியவில்லை. கேட்டதைக் கொடுக்காத கை இது என்று எத்தனை இரவு தன் கையையே பார்த்து அழுதிருப்பாள்!

காகம் கொத்தியதைக் கண்டபோது, அவர் வந்து சாப்பிட்டுவிட்டார் என்றே பட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு இலையில் சோறு வைத்து, நெய்யும் தயிரும் விட்டுப் பிசைந்து மதிலில் வைத்தாள். கூப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிடுவாள். பின்னேரம் வந்து பார்த்தால் இலை துடைத்தது போலிருக்கும். அந்த வெறும் இலையைப் பார்க்கத்தான் அவள் வீட்டுக்கே வந்தாள் என்று சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் இல்லை, சாப்பிட்டுவிட்டார். இன்றைக்கும் சாப்பிட்டுவிட்டார்.

ஆனால் மணியத்தின் சீனி ஏறத் தொடங்கியது.

பிரதீபா நெற்றியைச் சுருக்கினாள். "ஆரோ ஏதோ குடுக்கினம் அம்மா. நல்லாய்ப் பாருங்கோ." குறைத்த ஊசியைத் திரும்பவும் கூட்டவேண்டி வந்தது. ஒரு கிழமை கழித்து இன்னும் கூட்டினாள்.

யார் கொடுப்பது? திவசத்தன்று பிரியந்தினி அறைக் கதவைத் திறந்து, "பாவம், பசிக்குதோ ராசா" என்று ஒரு துண்டு வடையை நீட்டியதைத் தயாளினி தன் கண்ணால் கண்டிருந்தாள். பகலில் பொட்டுக்குள்ளால் வந்து போவதும் அவள் ஒருத்திதான். சந்தேகம் மனதுக்குள் வந்து குந்திக்கொண்டது. அதன்பிறகு தயாளினி அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒருநாள் காலையில் பிரியந்தினி வலது கையை மூடிக்கொண்டு பொட்டுக்குள்ளால் வந்தாள். மணியம் அவள் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"நில்லுங்கோ மச்சாள்" என்றாள் தயாளினி. "கையிலை என்ன?"

"ஏன் மச்சாள்?"

"கையை விரியுங்கோ பாப்பம்."

பிரியந்தினியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன, கள்ளியைப் பிடிச்ச மாதிரிக் கேக்கிறியள்?"

"ஓம், அப்பிடித்தான் கேக்கிறன். உங்கடை செல்லத்தாலை அந்தச் சீவன் சாகப்போகுது. அதைக் கொண்டுதான் ஓய்வியளோ?"

பிரியந்தினி மெல்லக் கையை விரித்தாள். உள்ளே இருந்தவை நந்தியாவட்டைப் பூக்கள். அண்ணனின் படத்துக்கு வைக்கக் கொண்டுவந்த பூக்கள். கையின் சூட்டில் கொஞ்சம் வாடியிருந்தன.

"நான் திவசத்தண்டைக்கு ஒரு வடைத் துண்டு குடுத்தன். அது பிழைதான். அதுக்குப் பிறகு ஒண்டும் குடுக்கேல்லை. என்ரை அண்ணையறியச் சொல்லுறன்."

தயாளினி பூவை வாங்கி, உள்ளே வாங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ரோசம் நாக்கைக் கட்டிப்போட்டது. பிரியந்தினி பூக்களைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று பின்னேரமே தயாளினி ஒரு தகரத்தைக் கொண்டுவந்து பொட்டை அடைத்தாள்.

பொட்டு அடைபட்டது. சீனி இறங்கவில்லை.

கிழமைகள் ஓடின. மெசின் காட்டிய இலக்கம் அவளைப் பார்த்துப் பரிகசித்தது. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் வருவதில்லை; பிறகு எப்படி? கடைசியில் ஒரு சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காகத்துக்குச் சோற்றை வைத்துக் கூப்பிட்டு, வழமைபோல் போவதாகப் பாவனை செய்து குசினி யன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

காகம் வந்தது. இலைக்குப் பக்கத்தில் இறங்கி ஒரு தரம் கரைந்தது. அந்தச் சத்தத்துக்கே காத்திருந்ததுபோல் மாதுளை மரத்தின் கீழிருந்து மணியம் எழுந்தது. கொப்பில் ஏறி மதிலுக்குத் தாவியது. ஒரு சீறலில் காகம் பறந்துவிட்டது. மணியம் இலையின் முன்னால் குந்தியிருந்து, நெய்யும் தயிரும் விட்டுப் பிசைந்த சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றது. பிறகு இலையையும் நக்கியது.

துடைத்தது போன்ற இலை!

தயாளினி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒருநாளும் சாப்பிடவில்லை. அவளை அவர் மன்னித்துவிட்டதாய் நினைத்த அத்தனை பின்னேரங்களும் பொய். அவருக்கு உயிரோடு கொடுக்காத சோற்றை, செத்தபின் கொடுக்கிறேன் என்று, அவர் ஆசையாய் வளர்த்த சீவனுக்கு நஞ்சாய் ஊட்டியிருக்கிறாள். கையை விரி என்று யாரைக் கேட்டாள்? விரித்துப் பார்த்திருக்க வேண்டியது தன் கையை அல்லவா!

பிரதீபாவுக்கு உடனே போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. என்னவென்று சொல்வது? நானேதான் கொடுத்தேன் என்றா? வெட்கத்தில், திங்கட்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் சோறு வைக்கவில்லை. மணியம் வழமையாய்ச் சோறு தின்னும் நேரம் கழித்துப் பார்த்தபோது மெசினில் இலக்கம் இறங்கியிருந்தது. அந்தச் சந்தோசத்தில், கூட்டிவைத்த அதே அளவு ஊசியைப் போட்டாள்.

மத்தியானத்துக்கு முன் மணியம் தள்ளாடியது. படியில் ஏறப் போய்ச் சரிந்து விழுந்தது. கால்கள் இழுத்துக்கொண்டன.

"ஐயோ மச்சாள்! மச்சாள்!"

அவள் வாயில் முதலில் வந்தது அந்தப் பெயர்தான். தகரம் தடாரென்று விழுந்தது. பிரியந்தினி அதற்கு மேலால் மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். தயாளினி பிரதீபாவைப் போனில் பிடித்தாள்.

"சீனி இறங்கிப்போச்சு அம்மா! சீனித் தண்ணியைக் கெட்டியாய்க் கரைச்சு முரசிலை, பல்லடித் தசையிலை பூசுங்கோ. வாய்க்குள்ளை ஊத்திப் போடாதேங்கோ. பூசிப்போட்டு உடனை இஞ்சை கொண்டு வாங்கோ!"

மணியத்தின் தலையை மடியில் வைத்திருந்த தயாளினி கதறினாள். "குடுங்கோ மச்சாள், உங்கடை கையாலை சீனி குடுங்கோ!"

பிரியந்தினி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். குசினிக்கு ஓடிச் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். விரலில் தொட்டுத் தொட்டு முரசில் பூசினாள். கொஞ்ச நேரத்தில் மணியத்தின் நாக்கு அசைந்து அந்த விரலை நக்கியது.

வைத்திய நிலையத்தில் தயாளினி எல்லாவற்றையும் சொன்னாள், இலை, காகம், பூ, தகரம் எல்லாவற்றையும். பிரியந்தினியும் பக்கத்திலிருந்து கேட்டாள். பிரதீபா மணியத்தின் முதுகைத் தடவினாள்.

"உயிருக்குப் பயமில்லை அம்மா. இனித் திரும்பவும் குறைச்சுக்கொண்டு வருவம். ஆனால் நான் பொய் சொல்லமாட்டன். முதல் மாதங்களிலை இருந்த சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்."

அவள் சொன்னதுதான் நடந்தது. சோறு இல்லாமல் சீனி அடங்கியது. இரண்டு தரம் ஊசியை நிறுத்தியும் பார்த்தார்கள். இரண்டு தரமும் சீனி திரும்ப ஏறியது. மணியம் இப்போது திடமாய் வளவைச் சுற்றி வருகிறது. ஆனால் காலையும் பின்னேரமும் ஊசி உண்டு. அது இனி நிற்காது.

மதிலில் தயாளினி இப்போதும் சோறு வைக்கிறாள், மணியத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. பலமுறை விரட்டப்பட்ட காகம் அந்த மதிலுக்கு வருவதில்லை. இலை காய்ந்து சுருண்டுபோகிறது.

தகரம் விழுந்தபின் பொட்டு திறந்தே கிடக்கிறது. தயாளினி எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாள்! "விடுங்கோ மச்சாள், அண்ணையின்ரை பூனை பிழைச்சுதே, அது காணும்" என்பாள் பிரியந்தினி. ஊசி போடும்போது பிடிக்கத் தினமும் வருகிறாள். ஆனால் பொட்டால் வருவதில்லை. ஒழுங்கையைச் சுற்றி, கேற்றடியில் வந்து நின்று, "வரலாமோ மச்சாள்?" என்று கேட்கிறாள்.

வரச் சொன்னதும், உள்ளே கால் வைப்பதற்கு முன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறாள்.

"பாருங்கோ, ஒண்டுமில்லை."

பகிடியாகத்தான் சொல்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். தயாளினியும் சிரிக்கத்தான் பார்க்கிறாள். அந்த வெறும் கைகளைப் பார்க்கும்போது இன்றுவரை அவளால் முடியவில்லை.