சவூதிக் கேசட்டில் கத்தியவன்

நேற்று பேத்தியின் ஃபோனில் ஒருவன் கரகரத்துக்கொண்டிருந்தான். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "இரு, இப்ப மூணு தடவ கத்துவான்" என்றேன். கத்தினான்.

"நன்னிமா, இது அமெரிக்கா பாட்டு! ஒனக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு அமெரிக்காவில் என்ன ஜோலி என்றுதானே நீங்களும் கேட்கிறீர்கள்? எல்லாம் என் வீட்டுக்காரர் கொடுத்த படிப்பு.

அவர் சவூதி போன புதிதில் நன்னிலத்தில் எங்கள் தெருவுக்கே ஃபோன் கிடையாது. கடிதம் போட்டால் எனக்கு வாசிக்க வராது. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அதற்காகப் புதுக் கேசட் வாங்குகிற ஆளா அவர்? அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் தூக்கிப்போட்ட பாட்டுக் கேசட்டை எடுத்து, மேலே பதிவாகாமல் தடுக்கிற மூலை ஓட்டையில் காகிதம் அடைத்து, பாட்டின் மேலேயே பேசிவிட்டார். "சுகமா இருக்கேன், ஏசி ரூமு, தெனமும் கோழிக்கறி" என்று சொல்லி, சலாமும் சொல்லி முடித்தார். நாங்கள் வீட்டில் போட்டுக் கேட்டபோது, அவர் குரல் நின்றதும் அழியாமல் கிடந்த பாட்டு பீறிட்டது.

மாமியார் பதறிப்போனார். "யா அல்லா, எம்புள்ளய யாரு அடிக்கிறா?"

"அடி இல்ல மாமி, பாட்டு."

"பாட்டா? பல்லு புடுங்குறாப்புல இருக்கு!"

என் பதிலையும் அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே பேசி அனுப்புவேன். ‘வந்துடுங்க’ என்ற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வரும். பக்கத்தில் மாமியார் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு, காதை என் பக்கம் வைத்திருப்பார். ஆடு இரண்டு குட்டி போட்டதையும் வாய்க்காலில் தண்ணீர் வந்ததையும் சொல்லி முடித்துவிடுவேன். அனுப்புமுன் போட்டுக் கேட்டால், நான் முடித்த இடத்திலும் அவன் கத்துவான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

பேத்தி பாட்டுக்கு அர்த்தம் தேடிப் படித்தாள். "பொழைக்க வெளியூர் போனவன், நன்னிமா. மரம் அறுக்குற மில்லுல வேல. வீட்டுக்கு ஃபோன் போட்டு நல்லா இருக்கேங்குறான். ஃபோன வச்சப்பறம் கத்துறான்."

"இதுக்கு இங்கிலீஷ் வேற படிக்கணுமாக்கும்" என்றேன், கீரையை விட்டுத் தலை தூக்காமல்.

அந்த ஏசி அறையில் எட்டுப் பேர் படுத்ததை ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னார். என் கடைசிப் பதிலின் மேல் எதுவும் பேசாமல், கேசட்டைப் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அவர் மவுத்தாகி அடக்கமான பிறகு போட்டுப் பார்த்தேன். அவர் குரலில் ஒரு சொல்கூட இல்லை. அத்தனையும் நானே பேசி அழித்திருக்கிறேன், அதுவும் ஆட்டுக்குட்டியைப் பற்றி.

இப்போது கேசட் போடுகிற பெட்டியும் இல்லை. கத்தியவன் மட்டும் ஊரார் ஃபோனிலெல்லாம் சுகமாக இருக்கிறான்.